சர்வேயருக்காகத் துடைத்த வீடு

"எல்லாத்தையும் துடைச்சுட்டா, பாக்க வர்ற மாமா எதைப் பாப்பாரு?" என்று ஆறு வயது மகள் கேட்டாள்.

ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்த அம்மாவும் சோபாவின் ஒரு காலைத் தூக்கிப் பிடித்திருந்த அப்பாவும் சேர்ந்தே பதில் சொன்னார்கள்: "போய்ப் படிம்மா." அன்று அந்த வீட்டில் அறிவோடு பேசிய ஒரே ஆளை இப்படி உள்ளே அனுப்பிவைத்தார்கள்.

முந்தின நாள் மூவரும் வெளியே போயிருந்தபோது குளியலறைக் குழாய் வெடித்து முன்னறை குளமாகியிருந்தது. அந்த முன்னறைதான் அம்மாவின் பிழைப்பு. ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, மரப்பலகைத் தரை. அக்கம்பக்கத்துப் பெண்கள் அங்கே வந்துதான் முடி வெட்டிக்கொள்வார்கள். பலகைகளெல்லாம் ஊதிப் பெயர்ந்துவிட்டன. காப்பீட்டுப் பணம் வந்தால் புதுத் தரை. வராவிட்டால் நாற்காலிக்கு ஓய்வு.

பணம் தருவதற்கு முன் சேதத்தைப் பார்க்க சர்வேயர் வருவார் என்று கம்பெனியில் சொன்னார்கள். அம்மாவுக்குக் காதில் விழுந்தது 'வருவார்' என்ற சொல் மட்டும்தான்.

"வீட்டுக்கு ஒரு மனுஷன் வர்றப்போ இப்படியாங்க போட்டு வைக்கிறது? என்ன நினைப்பாரு?"

ஊதிய பலகைகளை அப்பா பெயர்த்து நண்பனின் வேனில் ஏற்றிக் குப்பைமேட்டுக்கு அனுப்பினார். சிமெண்டுத் தரைமேல் இரவல் கம்பளம் விரிந்தது. சுவரில் ஈரம் ஏறிய இடத்துக்கு முன்னால் கண்ணாடி நகர்ந்து நின்றது. ஊதுபத்தியும் ஏற்றினார்கள். மோப்பம் பிடித்தாவது உண்மையைக் கண்டுபிடிக்க இருந்த வழியும் அத்துடன் அடைபட்டது.

சர்வேயர் வந்தார், தேநீர் குடித்தார், சுற்றிலும் பார்த்தார்.

"வீட்டை ரொம்ப அழகா வச்சிருக்கீங்கம்மா."

அம்மாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இன்னொரு கோப்பை ஊற்றினாள்.

அந்தப் பாராட்டு சில நாட்களில் எழுத்து வடிவிலும் வந்தது. வீடு நல்ல நிலையில் பராமரிக்கப்படுகிறது, சேதம் எதுவும் காணப்படவில்லை, எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது, தங்கள் நலனே எங்கள் நலன்.

அப்பா போன் போட்டார். அவர் அழைப்பு மிக முக்கியமானது என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அவ்வளவு முக்கியமானதை உடனே எடுத்துக் கெடுத்துவிடக் கூடாது என்றோ என்னவோ, நெடுநேரம் இசை கேட்க வைத்தார்கள். கடைசியில் ஒரு மனிதக் குரல் வந்தது.

"சேதத்துக்குப் படம் இருக்கா சார்?"

"வீடு இருந்த கோலத்தை யாராவது படம் எடுப்பாங்களா?"

"பலகையாவது இருக்கா?"

"தூக்கிப் போட்டாச்சு."

"ஏன் சார் போட்டீங்க?"

"நீங்க வர்றீங்கன்னுதான்."

மறுமுனையில் மறுபடி இசை.

அன்று மாலை அம்மா நாற்காலியைத் துணியால் மூடிக் கட்டினாள். "விக்கிறதுன்னா நல்லா இருக்கிறப்பவே வித்துடணுங்க" என்றாள். வாடிக்கைக்காரப் பெண்கள் இருவர் ஏற்கெனவே வேறிடம் போகத் தொடங்கியிருந்தார்கள்.

கீழ்வீட்டு அக்காவுக்கு அந்தக் கட்டடத்தில் 'கோர்ட்' என்று பெயர். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை. படியில் கிடக்கும் செருப்பு, மூடாத குப்பைத்தொட்டி, எதுவானாலும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் சண்டைக்கு வருவார். அவர் மேலேறி வருவதைப் பார்த்ததும் அப்பா, "வழக்கு வருது" என்று முணுமுணுத்தார்.

"என்ன தம்பி, கடையை மூடிட்டாளாமே உன் பொண்டாட்டி?"

அம்மா நடந்ததைச் சொன்னாள். கோர்ட் அக்கா இடுப்பில் கைவைத்துக் கேட்டார்.

"பாக்க வர்றவனுக்கு வீட்டைச் சோடிச்சுக் காட்டினீங்களா? நல்ல குடும்பம்." போனை எடுத்து நீட்டினார். "உங்ககூடச் சண்டை போடத்தான் எடுத்தேன். அப்புறம் நீங்க வாளியும் கையுமா நின்னதைப் பாத்து விட்டுட்டேன்."

வீடியோவில் மேல்வீட்டு வாசல் வழியே தண்ணீர் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. திறந்த ஜன்னல் வழியே முன்னறை தெரிந்தது, பலகைகள் தெரிந்தன, தேதியும் நேரமும் தெரிந்தன. பின்னணியில் அக்கா திட்டுவது கணீரென்று கேட்டது. காப்பீட்டு நிறுவனம் இதைவிடத் தெளிவான சாட்சியைக் கேட்க முடியாது. படம் மெல்லக் கீழே திரும்பி, அக்கா வீட்டு வாசலுக்கு மேலே கூரை ஊறிச் சொட்டுவதைக் காட்டிவிட்டு முடிந்தது.

"உங்க வாசல் கூரையும் போச்சேக்கா" என்றாள் அம்மா.

"அது கெடக்குது. மேல பாத்துக்கிட்டா நடக்கிறேன்?"

மறுநாள் அக்கா பாதி நாள் விடுப்புப் போட்டு அவர்களுடன் கம்பெனி அலுவலகத்துக்கு வந்தார். அதிகாரி வீடியோவை ஒலியில்லாமல் பார்க்க முயன்றார், அக்கா விடவில்லை. தன் வசவுகளையும் முழுதாகக் கேட்கவைத்து, மனுவின் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

"மகிழ்ச்சியுடன் மறுபரிசீலனை செய்து" பணம் வந்தது. புதுத் தரை போட்டார்கள். சுழல் நாற்காலி திரும்ப நடு அறைக்கு வந்தது. அக்காவுக்கு முடி வெட்டிவிடக் கூப்பிட்டபோது, "எனக்கு என் கத்திரி போதும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு காலையில் அக்கா வேலைக்குப் போயிருந்தார். அப்பாவும் மகளும்கூட வீட்டில் இல்லை. அம்மா ஸ்டூலையும் பெயிண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அக்கா வாசலுக்கு மேலிருந்த பழுப்புக் கறையைச் சுரண்டினாள், பூசினாள், காயும்வரை படியில் உட்கார்ந்திருந்தாள், மறுபடி பூசினாள். பக்கத்துச் சுவரின் நிறம் வரும்வரை விடவில்லை. கதவில் தெறித்திருந்த புள்ளிகளை விரலால் துடைத்துவிட்டு ஸ்டூலோடு மேலே ஏறிப் போனாள்.