ஒற்றைக்கால் தடம்

உலகத்தில் பொய் சொல்லாத ரசமட்டம் ஒன்றே ஒன்றுதான், அது தன் பாதம் என்பது டைல்ஸ் மேஸ்திரியின் தீர்மானமான கருத்து. பதித்த தரையில் வெறுங்காலோடு ஒரு நடை நடந்தாரென்றால் நூலிழை மேடுகூடத் தப்பாது. சர்க்கரை நோய் அந்தப் பாதத்தின் நரம்புகளைத் தின்று முடித்துவிட்டது என்பது சின்ன விஷயம். "இன்னொரு புண்ணு வந்தா காலையே எடுக்க வேண்டியிருக்கும். செருப்பு போடுங்க, கம்பு வெச்சுக்குங்க" என்று டாக்டர் சொன்னது அதைவிடச் சின்ன விஷயம்.

மனைவியின் தம்பிக்கும் அதே கோளாறு. மேஸ்திரி டைல்ஸ் பதிக்கும் அதே புது வீட்டில் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து கதவுகளுக்குப் பாலிஷ் போடுகிறவன். நடக்கும்போது இரண்டு கையிலும் கம்பு.

"என்னடா மச்சான், கன்னுக்குட்டி மாதிரி நாலு காலோட வர்ற?"

"என் கால் எங்க இருக்குன்னு எனக்கே தெரியல மாமா. தரை வந்துடுச்சுன்னு இதுங்கதான் சொல்லுது."

"எனக்குத் தரையே சொல்லும்" என்றுவிட்டு மேஸ்திரி மாடிக்குப் போனார், முடிந்த வேலையைக் காலால் பார்க்க.

வெள்ளைத் தரை. காலி அறைகள். பஞ்சின்மேல் நடப்பதுபோல இருந்தது. பிரமாதம் என்று திரும்பியவர் நின்றுவிட்டார். தரையில் சிவப்பாகக் காலடித் தடங்கள். எல்லாமே இடது கால்.

"யாருப்பா அது?"

காலி அறை அதையே திருப்பிக் கேட்டது.

ஒரு தடத்தைக் குனிந்து துணியால் துடைத்தார். ஈரம். நிமிர்ந்து பார்த்தால், அவர் நடந்து வந்த வழியில் புதிதாகச் சில. அடுத்த அறைக்குப் போனார், அங்கேயும் வந்தது. வேகமாக நடந்தார், தடங்களின் இடைவெளியும் அகன்றது. அவர் நின்றால் அதுவும் நின்றது, சரியாக அவர் முதுகுக்குப் பின்னால்.

படியில் டக், டக் என்று சத்தம். மச்சினன் தலை தெரிந்தது.

"வீட்டுல ஒரு ஆளு இருக்கான்டா" என்றார் மேஸ்திரி, குரலைத் தாழ்த்தி. "ஒத்தக் காலு."

அவன் தரையைப் பார்த்தான். பிறகு அவர் காலைப் பார்த்தான்.

"அந்த ஆளை உக்காரச் சொல்லுங்க மாமா."

உட்கார்ந்தார். உள்ளங்காலில் டைல்ஸ் சில்லு ஒன்று ஆழமாக இறங்கியிருந்தது. மச்சினன் அதைப் பிடுங்குவதை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?"

"யாருக்கு?"

அவன் துணியை இறுக்கிக் கட்டினான். "ஆட்டோ கூட்டிட்டு வரேன். உடனே போனாத்தான் கால் தங்கும். இந்தக் காலை ஊனாதீங்க."

"சரி. ஒரு கம்பை இங்க வெச்சுட்டுப் போ."

"எதுக்கு?"

"டைல்ஸுக்கு அடியில வெத்தா இருக்கான்னு தட்டிப் பாக்கணும்."

மச்சினன் சிரிக்கவில்லை. ஒரு கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, மற்றதோடு படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து இறங்கினான். பாதிப் படியில் நின்றான்.

"வலது கையில புடிச்சுத் தட்டுங்க மாமா. காயம் இடது."

அவன் போகும்வரை காத்திருந்தார். சுவரைப் பிடித்து எழுந்து, கம்பை வலது கைக்கு மாற்றி, மெல்ல ஊன்றினார்.

டக்.

தரை இருந்தது.