லேபிள் உரித்த மாப்பிள்ளை

பிராங்ஸில் எங்கள் கல்யாண விருந்து நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை டெலானோவே டிஜே. முதல் நடனத்துக்கு நான் கேட்டிருந்த காதல் பாட்டை அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன பாட்டென்று போட்டி டிஜேக்கள் பார்த்துவிடக் கூடாதென்று எல்லா இசைத்தட்டுகளின் லேபிளையும் குளியல்தொட்டியில் ஊறவைத்து உரித்திருந்தான், அந்தக் காதல் பாட்டுத் தட்டையும் சேர்த்து.

எதைப் போட்டாலும் டிரம்ஸ்தான் அதிர்ந்தது. இதற்கிடையில் அவன் கூட்டாளி கர்வின், "டேய், ஹிப் ஹாப்பை வளர்த்தது டிஜேயா, மைக் பிடிச்சு ராப் பாடினவனா?" என்று கிளப்பிவிட, டெலானோ தேடுவதை விட்டுவிட்டு வாதாட ஆரம்பித்தான். நான் வெள்ளை கவுனோடு கூடத்தின் நடுவில் தனியாக நின்றேன்.

"அந்த டிரம்ஸ் வாசிச்ச ஆளுதான்டா," என்றேன்.

"அவன் பேரென்ன?" என்றான் கர்வின்.

"லேபிள்ல இருந்துச்சு. உன் ஃப்ரெண்டைக் கேளு."

டெலானோ அசட்டுச் சிரிப்புடன் என்னைப் பார்த்தான்.

"இளிக்காத. கர்வின், தட்டை நீ பாத்துக்கோ. டெலானோ, வந்து தொலை, அந்த டிரம்ஸுக்கே ஆடலாம்."