நாலு நிமிஷ இணைப்பு

அவன் கத்தினது என் காதுல விழுந்துச்சு. விழலன்னு ஊருக்குச் சொல்லிடலாம். என் காதுக்கு இன்னான்னு சொல்றது?

வலைக் கொட்டகையின் மூங்கிலைப் பிடித்தபடி நின்ற அஞ்சலாட்சி இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். குருசுக்குப்பத்துப் பஞ்சாயத்துக்குப் பெண்களைக் கூப்பிடும் வழக்கமில்லை. இன்று அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுடைய நாத்தனார் பூவாயி ரயிலில் அடிபட்டுச் செத்து ஒரு மாதமாகியிருந்தது. அதைக் கிட்டத்தில் நின்று பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

நடுவில் குமாரவேல் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் மேரி என்கிற நகரசபைக் கட்டடத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த ஆட்சி போனாலும் மனு எழுதும் கை போகவில்லை. குப்பத்தில் எல்லாருக்கும் அவர் முசியேதான், பிரெஞ்சில் ஐயா.

"அக்டோபர்ல புது டைம்டேபிள் வருது. அதுக்கு முன்னாடி ஜனங்க யோசனை சொல்லலாம்னு ரயில்வேயே கேட்டிருக்கு. நான் மூணு யோசனை எழுதியிருக்கேன். ஒண்ணு, நம்ம வண்டி இங்கிருந்து பத்து நிமிஷம் முன்னால கிளம்பணும்."

"அப்படியே கடலுக்கும் ஒரு மனு போடு முசியே, கட்டுமரத்தைப் பத்து நிமிஷம் முன்னால அனுப்பச் சொல்லி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். குமாரவேல் முகம் சிவக்க அந்த வரியை அடித்தார்.

"சரி. அப்ப திருச்சி பாசஞ்சரை ஜங்ஷன்ல பத்து நிமிஷம் நிறுத்தி வைக்கணும். முடியலன்னா ரெண்டு வண்டியையும் ஒரே பிளாட்பாரத்துக்கு ரெண்டு பக்கமும் கொண்டாந்து விடணும்."

அதுதான் வேண்டியிருந்தது. விடியலில் கட்டுமரங்கள் கரையேறும். பெண்கள் கூடையை நிரப்பிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். அந்த வண்டி ஏழு இருபத்தாறுக்கு ஜங்ஷனுக்குப் போய்ச் சேரும். விருத்தாசலம் சந்தைக்குப் போகும் திருச்சி பாசஞ்சர் ஏழரைக்குக் கிளம்பிவிடும். அது நிற்பது மூன்று தண்டவாளம் தள்ளி. மேம்பாலம் ஏறி இறங்கினால் அதன் வால்தான் தெரியும். அடுத்த வண்டிக்குள் மீன் கெட்டுவிடும்.

அதனால் தண்டவாளத்தில் குதித்து ஓடுவார்கள். தலையில் ஈரக் கூடை இருக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாது. ஆகவே ஒருத்தி மட்டும் கூடையை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு முன்னால் போவாள். இரண்டு பக்கமும் பார்த்து "வா" என்பாள். மற்றவர்கள் எதையும் பார்க்க மாட்டார்கள். அவள் சொல்தான் அவர்களுக்குக் கண்.

அன்று முன்னால் போனவள் அஞ்சலாட்சி. அவளை ஒட்டிப் பின்னால் பூவாயி; மற்றவர்கள் இன்னும் பெட்டியிலிருந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

இடப்பக்கம் ஓர் என்ஜின் புகை விட்டபடி நின்றிருந்தது. தூரத்தில் கொடியோடு நின்ற, தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் ராஜாங்கம், "ஏய், நில்லு! நில்லு!" என்று கத்தினான். அவன் தினமும் கத்துகிறவன். பெண்கள் அதைக் காக்கைச் சத்தம் மாதிரிதான் எடுத்துக்கொள்வார்கள். பாசஞ்சர் ஊதிவிட்டது. அஞ்சலாட்சி அவன் பக்கம் திரும்பாமலே, "நிக்குதுடி, வா!" என்றாள்.

பூவாயி வந்தாள். என்ஜினும் வந்தது.

கூடையின் விளிம்புதான் முதலில் மாட்டியது. பூவாயி ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தாள். சக்கரம் அவள் இடுப்பின் மேல் ஏறி இறங்கிய சத்தம், ஈர விறகு முறிகிற சத்தம். சங்கரா மீன்கள் அவளைச் சுற்றிச் சிதறின. எது மீனின் ரத்தம், எது அவளுடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண் திறந்திருந்தது. "அண்ணி, கூடை..." என்றாள். அதற்கு மேல் வாயில் வந்தது ரத்தம்தான்.

மறுநாள் அதே வண்டியில் அஞ்சலாட்சியின் புருஷன் வடிவேல் துடுப்போடு ஏறினான். கூட இரண்டு பேர். "ஆளைக் காட்டு" என்று அவளையும் இழுத்துக்கொண்டு போனான். அவள் ராஜாங்கத்தைக் காட்டினாள். எதற்காகக் காட்டினோம் என்று இந்த ஒரு மாதமாகத் தன்னைக் கேட்கிறாள். தங்கையைப் பறிகொடுத்தவனுக்கு அடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் தான் இல்லை என்றானால் போதும் என்று தனக்குள் எதுவோ பதுங்கியது. அதுதான் கையை நீட்டிக் காட்டியது.

ராஜாங்கம் விளக்கு அறையின் நிழலில் உட்கார்ந்து பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முதல் அடி தோளில். இரண்டாவது முகத்தில், துடுப்பின் விளிம்பால். இடது கண் அதிலேயே போயிற்று. சோறும் ரத்தமுமாகப் புரண்டவனை மூன்று பேரும் மிதித்தார்கள். தலை தண்டவாளத்தில் மோதி மோதி எழும்பியது. அப்போது அவன் மிச்சமிருந்த கண்ணால் அஞ்சலாட்சியைப் பார்த்தான். அடையாளம் தெரிந்துகொண்டான்.

"உன்னத்தான... நில்லுன்னு..."

அடுத்த சொல் வருவதற்குள் அவள் குனிந்து ஒரு சரளைக் கல்லை எடுத்து அந்த வாயில் அடித்தாள். பல் உடைவது உள்ளங்கைக்குத் தெரிந்தது. மறுபடியும் அடித்தாள். நாத்தனார் மேல் என்ன பாசம் என்று குப்பமே மெச்சியது.

ராஜாங்கம் சாகவில்லை. தாடையைக் கட்டி ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள், பேச்சில்லை. வடிவேலும் மற்ற இருவரும் ஜாமீனில் வந்திருந்தார்கள். அஞ்சலாட்சியைப் பற்றி யாரும் போலீசில் மூச்சு விடவில்லை.

நாட்டார் காசிலிங்கம் தொண்டையைக் கனைத்தார். அவர்தான் குப்பத்துத் தலைவர். "முசியே, யோசனைக்குக் கீழ நாலாவதா எழுதினதைப் படி."

குமாரவேல் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "சம்பவ நாளன்று பாயின்ட்ஸ்மேன் ராஜாங்கம் குடிபோதையில் இருந்து, பாதை காலி என்று கொடியசைத்துப் பெண்களைக் கூப்பிட்டபடியால் பூவாயி என்பவள் மரணமடைந்தாள். இதை நேரில் கண்ட சாட்சி, வடிவேல் மனைவி அஞ்சலாட்சி."

"வெறும் யோசனையைப் படிச்சிட்டுத் தூர போட்ருவான்" என்றார் காசிலிங்கம். "ஒரு சாவு, அதுக்கு ஒரு குத்தவாளி, ரெண்டும் இருந்தாத்தான் வண்டி நிக்கும். கேஸும் உடையும். பசங்க மூணு பேரும் உள்ள போவ மாட்டானுங்க. வாம்மா, கைநாட்டு வை."

மைப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். அஞ்சலாட்சி முன்னால் வந்தாள். வைத்துவிடலாம் என்றுதான் வந்தாள். ஒரு விரல் பட்டால் புருஷன் வீட்டில் இருப்பான், யாரும் தண்டவாளத்தில் குதிக்க வேண்டாம். இதைவிட மலிவாக எது கிடைக்கும்? கிடைப்பது அத்தனையும் நல்லதுதான். ஆனால் அந்த வாயை இன்னொரு தரம் அடிக்க வேண்டும்.

"அவன் குடிக்கல மாமா" என்றாள். "நில்லுன்னுதான் கத்துனான். வான்னு கூப்பிட்டது நானு."

வடிவேல் மெல்ல எழுந்தான்.

"இன்னா சொன்ன?"

"என் காதுல விழுந்துச்சு. தினம் கத்தறவன்தானன்னு வுட்டுட்டேன்."

அவன் அவள் கொண்டையைப் பிடித்து முகத்தை மூங்கிலில் மோதினான். ஒரு முறை, இரண்டு முறை. "என் தங்கச்சியத் தின்னுட்டு, ஒருத்தன் கண்ணையும் எங்கையால புடுங்க வச்சியாடி!" அவன் குரல் உடைந்து அழுகையாகிவிட்டது. அழுதுகொண்டே விலாவில் உதைத்தான். அவள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. வலி வந்து சேர்ந்தபோது உள்ளே எதுவோ தளர்ந்தது. அது பயமாகவும் இருந்தது. அடி வாங்கினால் தீர்ந்துபோகிற கணக்கில்லை இது என்று அவளுக்குத் தெரிந்தது.

நாலு பேர் சேர்ந்து அவனை இழுத்துப் பிடித்தார்கள். குமாரவேல் காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார், அவற்றுக்குத்தான் அடி விழப்போகிறது போல.

காசிலிங்கம் எழுந்து வந்து அவளருகே குந்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தோ பாரு. நீ சொன்னது இந்தக் கொட்டகையத் தாண்டாது. நான் பொறுப்பு. உன்னை ஊர வுட்டுத் தள்ளி வைக்க மாட்டோம், இவனும் இனிமே கை வைக்க மாட்டான். அந்த ராஜாங்கத்தால பேச முடியாது. போன கண்ணு திரும்பவா வரப்போவுது? நாளைக்கு இன்னொருத்தி அங்க விழுவா, அப்ப இன்னா பண்ணுவ? ஊருக்காவ வை. நானே கேக்கறேன்."

அவர் மைப்பெட்டியை அவள் கைக்கெட்டும்படி நகர்த்தினார். அஞ்சலாட்சி உதட்டு ரத்தத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, மூங்கிலைப் பற்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"பத்து நிமிஷம் கேளுங்க மாமா, அதுக்கு வைக்கறேன். வான்னு கூப்பிட்டது நான்தான்னு எழுதுங்க, அதுக்கும் வைக்கறேன்" என்றாள். "இதுக்கு வைக்க மாட்டேன்."