கண்ணாடி அக்கா

"அவ போக வேண்டாம்னு சொல்றேன்ல!"

மூத்த மருமகள் வாசலை மறித்து நின்றாள். இடுப்பில் பெல்ட், இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இளைய மருமகள் துணிப்பையோடு தலைகுனிந்து நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போக வெளியே வண்டி காத்திருந்தது.

"கிளம்புற நேரத்துல என்னடி வழக்கு?" என்றாள் மாமியார். "உனக்கும்தானே எடுத்தோம்? நீ என்ன செத்தா போயிட்ட?"

சாகவில்லைதான். முப்பது வயதில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இப்போது நாற்பத்திரண்டு. போன வருடம் இருமினாள், விலா எலும்பு முறிந்தது. போன மாதம் ஈரப் போர்வையை உதறினாள், மணிக்கட்டு போயிற்று. தெருவே கண்ணாடி அக்கா என்று பேர் வைத்துச் சிரித்தது. பாவம், அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

இரண்டு மருமகள்களுக்கும் ஒரே சலவை ஆலையில் வேலை. மாதவிலக்கு, வயிற்றுவலி என்று லீவு கேட்காதவளுக்குத்தான் அங்கே வேலை நிரந்தரம். "நான் யாரையும் கட்டாயப்படுத்தலையே" என்பார் சூப்பர்வைசர். அடடா, எப்பேர்ப்பட்ட தர்மவான்! கட்டாயப்படுத்த வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. மாமியார்களும் புருஷன்மார்களும் அந்த வேலையைச் செவ்வனே பார்த்துக்கொண்டார்கள். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற மாதிரி, "எடுத்தாச்சா?" என்று கேட்கும் தெரு அது.

போன வாரம் எலும்பு டாக்டரம்மா கேட்டார்.

"மாதவிலக்கு எப்பம்மா நின்னுச்சு?"

"பையை எடுத்தப்பவே நின்னுடுச்சு."

"சினைப்பையையுமா எடுத்தாங்க?"

"ரெண்டையும். வச்சிருந்தா புத்துநோய் வரும்னாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எலும்பைக் காப்பாத்துறதே அதுல சுரக்கிறதுதாம்மா. அப்பவே மருந்து கொடுத்திருக்கணும். உங்களுக்கு நாப்பத்திரண்டு, உங்க எலும்புக்கு எழுபது. உங்க ஆலையிலேருந்து இப்படி வர்ற முதல் ஆள் நீங்க இல்ல."

மறுநாள் ஆலையில் இஸ்திரி மேசை வரிசையை அவள் முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தாள். ஒருத்திக்குக் கையில் கட்டு, ஒருத்திக்குக் கூன், ஒருத்தி இடுப்பைப் பிடித்தபடி நின்றாள். வயசாகிவிட்டது என்று தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளும் அவர்களில் ஒருத்திக்கும் ஐம்பது ஆகவில்லை.

"அத்தை, அவளுக்கு உதிரம் கொஞ்சம் அதிகமா போகுது, அவ்வளவுதானே? மாத்திரையில நிக்குதான்னு முதல்ல பார்ப்போம். டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னா..."

"எல்லாத்தையும் சொல்லுடி! உங்கம்மாவுக்குக் கூன் இருக்கான்னும் கேட்டாங்கல்ல? நானும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்?"

கேட்டார்கள்தான். அம்மாவுக்குக் கூன் உண்டா, பால், முட்டை சாப்பிடுவீர்களா, உடம்பில் வெயில் படுமா என்று எல்லாமே கேட்டார்கள். அதில் தனக்குத் தோதானது ஒன்றை மட்டும் மாமியார் முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள்.

"உன் எலும்பு உங்கம்மா வீட்டுச் சீதனம். இவ வீட்டுல எல்லாரும் தேக்குமரம் மாதிரி இருக்காங்க."

"அண்ணி, நகருங்க" என்றான் கொழுந்தன், இளையவளின் புருஷன். "இந்த மாசத்தை விட்டா அந்த நிரந்தர வேலைக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க."

அவள் துணிப்பையை எட்டிப் பிடித்தாள். அவன் இழுத்தான்.

"டேய், பார்த்துடா, உடைஞ்சிடப் போறா!" என்று அலறினாள் மாமியார்.

அவன் பயந்து கையை எடுத்துவிட்டான். இளையவள்தான் கிட்டே வந்தாள். அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், மெல்லப் பிரித்துவிட்டாள். அந்த மெதுவான பிடியைக்கூட அக்காவால் தாங்க முடியவில்லை.

"விடுங்கக்கா. வேலை போயிட்டா என்னை எங்கம்மா வீட்டுக்கே அனுப்பிடுவாங்க."

வண்டியில் ஏறப் போனவள் பயந்து திரும்பினாள்.

"அக்கா, வலிக்குமா?"

கண்ணாடி அக்கா கதவைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். மிச்சம் ஒன்றுதான் இருந்தது.

"இப்ப வலிக்காதுடி."

"அப்படிச் சொல்லு!" என்றாள் மாமியார், மனம் குளிர்ந்து. "இதைத்தானே முதல்லயே சொல்லியிருக்கணும்."