அட்ராக்டா வீட்டுக் குழந்தை ஏசு

கல்யாணத்துக்கு முந்தின நாள் குழந்தை ஏசு சிலையை வேலியடியில் வைத்தால் மழை வராது. இது லீட்ரிம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். தலை உடைந்த சிலை என்றால் இன்னும் விசேஷம். ஆனால் தலை தானாக உடைந்திருக்க வேண்டும். வேண்டுமென்றே உடைத்தால் வருகிற வெயிலும் வராது.

அட்ராக்டாவுக்கு அதுதான் கவலை. சனிக்கிழமை மகள் கிரான்யாவின் கல்யாணம். விருந்து வீட்டு வயலில், கூடாரம் போட்டு. மழையோ விட்டபாடில்லை. அவளிடம் இருந்த சிலையில் தலை கல்லுப்போல உட்கார்ந்திருந்தது.

சிலையை வாசல் தூணின் விளிம்பில் வைத்துப் பார்த்தாள். காற்றில் சாய்ந்ததைத் தபால்காரர் ஃபின்டன் பாய்ந்து பிடித்துவிட்டார். அவருக்கு அன்று தேநீர் கிடைக்கவில்லை. அடுத்து டிராக்டர் வரும் தடத்தில் வைத்தாள். கையில் எதைக் கொடுத்தாலும் கீழே போடும் புருஷன் மலக்கி, அன்றைக்கென்று வண்டியை நிறுத்தி இறங்கி, சிலையைத் துடைத்து ஓரமாக வைத்தான்.

"உனக்கு இன்னைக்குத்தான் கண்ணு தெரியணுமா?"

"சாமியாச்சே. ஏத்திட்டுப் போகச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா பலிக்காது."

சனிக்கிழமை விடியும்போதே கொட்டித் தீர்த்தது. முந்தின நாளே வேலியடியில் வைத்திருந்த சிலையை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று புதுச் செருப்போடு ஓடியவள், சேற்றில் வழுக்கி அதன் மேலேயே விழுந்தாள். கணுக்கால் பிசகியது. சிலையின் தலையும் கழன்று உருண்டது. சேற்றில் உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பில் மலக்கி பயந்துபோனான்.

கோயிலை விட்டு வெளியே வரும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. கூடாரத்தில் பிடில் தொடங்கியது. கட்டுப்போட்ட காலை வைக்கோல் கட்டின் மேல் நீட்டிக்கொண்டு மகள் ஆடுவதைப் பார்த்த அட்ராக்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் கூடாரத்தின் மேல் சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா எதிரே வந்து நின்றாள். டப்ளின் பட்டணத்துக்காரி, தங்கமான மனுஷி. கையில் சிலை, தலையோடு.

"வேலியடியில கெடந்துச்சு சம்பந்தி, பாவம். பசை போட்டு ஒட்டிட்டேன். ஒட்டுனதே தெரியல பாருங்க."

பிடில் நின்றது. மழை வலுத்தது.

"உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு, சம்பந்தி" என்றாள் அட்ராக்டா, பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு, மதியத்திலிருந்து குடித்துக்கொண்டிருந்த புருஷனைக் கூப்பிட்டாள்.

"மலக்கி, இதக் கொண்டுபோய் வீட்ல வை. பத்திரம். சேத்து வழியாவே போ, அதான் கிட்ட."

மலக்கி சிலையை அணைத்துக்கொண்டு கிளம்பினான். ஊரே எழுந்துவந்து கூடார வாசலில் நின்று அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பலிக்காது.