வருடத்துக்கு ஒரு மணி நேரம்

செப்டம்பர் பிறந்தால் புது மாடல் போன் வாங்க எங்கள் கடையில் கூட்டம் அலைமோதும். எனக்கு அந்தக் கூட்டத்தில் வேண்டியது ஒரே ஒருத்தி, ஆர்லீன். நாற்பது மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் பேருந்து ஓட்டுகிறாள். கணவன் போய்ச் சேர்ந்து எட்டு வருடமாகிறது. நான் விவாகரத்தானவன், வயது ஐம்பத்தாறு, அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் செல்போன் விற்றுப் பிழைக்கிறேன்.

ஒரு வருடத் தவணை கட்டிவிட்டால், பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளலாம். கம்பெனியின் திட்டம் அப்படி. ஆறு வருடமாக ஆர்லீன் தவறாமல் வந்தாள். பழையதில் இருப்பதைப் புதியதற்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆகும் என்பேன். அவள் போனில் மொத்தமே நாற்பது படங்கள், அதில் முப்பது அவளுடைய நாய். பத்து நிமிட வேலை. ஆறு வருடமும் கூசாமல் புளுகினேன்.

அவளும் சர்க்கரை பூசிய இலவங்கப்பட்டை ரோல் ரொட்டி இரண்டு வாங்கி வருவாள். ஆளுக்கொன்றைத் தின்றபடி, பேருந்துப் பிள்ளைகளின் அட்டகாசங்களைச் சொல்வாள். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துத்தான் மிச்ச வருடத்தை ஓட்டினேன். வாடிக்கையாளரின் போன் எண்ணைச் சொந்த விஷயத்துக்குத் தொட்டால் வேலை போய்விடும். நேரில் கேட்கத் தைரியமில்லாதவனுக்கு அது நல்ல சாக்கு.

இந்த ஆகஸ்டில் கம்பெனி விதியை மாற்றியது. மூன்று வருடத் தவணையும் முடிந்தால்தான் புது போன். மேனேஜர் கென்ட்ராவுக்கு என் மகள் வயது. வாயும் அப்படித்தான்.

"என்ன லைல், மூஞ்சி தொங்கிப்போச்சு? உங்க ரோல்காரம்மா இனி ரெண்டு வருஷம் கழிச்சுத்தானா?"

"வேலையைப் பாரு" என்றேன்.

ஆர்லீன் வழக்கமான செவ்வாய்க்கிழமை, கையில் ரோல் பெட்டியோடு வந்தாள். நான் விதியைச் சொன்னேன். பெட்டியை மேஜையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"ரெண்டு வருஷமா?"

"ஆமா மேடம். மிச்சத் தவணையை இப்பவே மொத்தமா கட்டினா புதுசு தரலாம். ஆனா வேண்டாம். உங்க போன் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீண்செலவு?"

விற்பனைக்காரன் பேசுகிற பேச்சா இது? அவள் பணத்தைக் கரைக்க எனக்கு மனம் வரவில்லை.

"வேற வழியே இல்லையா?"

"உடைஞ்சா மட்டும் மாத்தலாம். நீங்கதான் வருஷாவருஷம் இன்சூரன்ஸ் கட்டுறீங்களே."

"நான் எதையும் உடைக்கிறவ இல்ல லைல். இருபத்திரெண்டு வருஷமா வண்டில ஒரு கீறல் விழுந்ததில்ல."

பெட்டியைத் திறந்து ஒரு ரோலை மட்டும் காகிதத்தில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். என்னால் அதைத் தின்ன முடியவில்லை. இரண்டு வருடத்தில் யார் எங்கே இருப்போமோ? அன்று முழுக்கக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு அந்தக் கதவு திறந்தது. பேருந்துச் சாவி இடுப்பில் தொங்க, ஆர்லீன் வந்து ஒரு பிளாஸ்டிக் பையை என் முன்னால் வைத்தாள். உள்ளே அவளுடைய போன் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. பின்பக்கம் டயர்த் தடம் அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தது.

"கைதவறி விழுந்துருச்சு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "வண்டியைப் பின்னால எடுத்தேன்."

"பின்னால மட்டுமா?"

"முன்னாலயும் ஒரு தடவை."

உள்ளறையிலிருந்து கென்ட்ரா எட்டிப் பார்த்துவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் போனிலிருந்து மாற்ற ஒரு படம்கூடத் தேறாது. புதியதை எடுத்துக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

"எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாள்.

"ஒரு மணி நேரம் ஆகும், ஆர்லீன்."

முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ரோல் பெட்டியை எடுத்தாள். இரண்டு ரோல் இருந்தன.

"இந்த இன்சூரன்ஸ்ல வருஷத்துக்கு எத்தனை தடவை உடைக்கலாம்?"

"மூணு தடவை."

அவள் விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிவிட்டு யோசித்தாள்.

"அப்போ பழைய திட்டத்தைவிட இது தேவலையே, லைல்."