குளியலறையில் வளர்ந்த காளான்

மகள் வாங்கி வந்த மாத்திரை டப்பாவில் ‘நோய் எதிர்ப்புச் சக்திக்கு அரிய காளான்’ என்று எழுதி, சிவப்பாக ஒரு படமும் போட்டிருந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்த தையல்காரம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“என்னம்மா சிரிக்கிற?”

“இது நம்ம வீட்டுக் குளியலறையில குடியிருந்ததுடி. நீ அப்போ கைக்குழந்தை.”

அந்த வருஷம் அவள் கணவர் பஸ் ஓட்டுவதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. பெரிய சிகிச்சை முடிந்து வந்தவர், சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி இளைத்திருந்தார். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினாலே அதிசயம்.

காளான் பண்ணையில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் ஒருநாள் மரத்தூள் அடைத்த பையோடு வந்தார். “மாப்பிள்ளை, இதுல ஒரு காளான் முளைக்கும், ரெய்ஷின்னு பேரு. காட்டுல தேடி அலைஞ்சாலும் லேசுல கிடைக்காது. உடம்புக்குத் தெம்புன்னு சொல்றாங்க.”

சிகிச்சை பார்த்த டாக்டரம்மாவிடம் கேட்டார்கள். “வளர்க்கிறதுன்னா வளர்த்துக்குங்க. என்னைக் கேக்காம வாயில வைக்காதீங்க. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது” என்றார் அவர், கறாராக.

ஈரம் வேண்டுமே! பை குளியலறை அலமாரியில் குடியேறியது. தண்ணீர் தெளிப்பது டிரைவரின் பொறுப்பு.

“ஏங்க, துணி தேய்க்கணும். தெளிக்கிற பாட்டிலைக் குடுங்க.”

“இரும்மா, இதுக்குத் தாகம் அடங்கட்டும்.”

முதலில் வெள்ளையாக ஒரு விரல் நீண்டது. வாரக்கணக்கில் காத்திருக்கவைத்து, பிறகு விசிறியாக விரிந்தது. ஓரத்தில் மஞ்சள், நடுவில் மெருகு பூசியதுபோல் செக்கச்செவேல்.

ஒருநாள் காலையில் குளியலறைக் கதவைத் திறந்தவள் அலறிவிட்டாள். கண்ணாடி, துண்டு, குழந்தைத் துணி எல்லாம் ஒரே பழுப்புப் பொடி.

“காபிப்பொடியை இங்க கொண்டுவந்து கொட்டினீங்களா?”

“நானா? உன் தையல் மெஷின் தூசியா இருக்கும்!”

வாய்ச்சண்டை முற்றியது. துடைப்பதற்காக அலமாரிப் பக்கம் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். காளானின் அடியிலிருந்து புகைபோலப் பொடி இறங்கிக்கொண்டிருந்தது. “அடியே, இது விதை தூவுது!”

திரும்பியவரின் மூக்கும் புருவமும் பழுப்பு. அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து அவரும் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எத்தனை மாதமாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு! குழந்தை விழித்து அழுதும் இருவராலும் நிறுத்த முடியவில்லை.

அறுக்கலாம் என்றார் அண்ணன். டிரைவர் கத்தியோடு போனார், கத்தியோடு திரும்பி வந்தார்.

“மனசு வரல மச்சான். எனக்கு டாக்டரம்மா குடுக்கிறதே போதும்.”

“நல்லா இருக்கே கதை!” என்றார் அண்ணன். ஆனால் அது காய்ந்து கட்டையானதும் பண்ணைக்கு எடுத்துப்போய், ‘எங்க மாப்பிள்ளை வளர்த்தது’ என்று வருவோர் போவோரிடமெல்லாம் காட்டினாராம்.

அடுத்த வருஷம் டிரைவர் வேலைக்குத் திரும்பினார். முதல் நாள் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தத்தில் நின்று, அவர் வண்டியிலேயே ஏறினாள். அவளுக்கு எங்கேயும் போகவேண்டிய வேலை இல்லை. கடைசி நிறுத்தம்வரை போய், அதே இருக்கையில் உட்கார்ந்தபடியே திரும்பி வந்தாள்.